வேறு எதனாலாவது இருக்குமோ? – அணுவின் அயனியாக்கத்தை அளக்கும் லேசர் ஆய்வகம்

ஆவர்த்தன அட்டவணைப் பாடத்தில் அயனியாக்கும் ஆற்றல் வரும்போது கரும்பலகையில் சில எண்களை எழுதுகிறோம். ஹைட்ரஜனுக்கு 13.6 எலக்ட்ரான் வோல்ட், ஹீலியத்துக்கு 24.59, சோடியத்துக்கு 5.14, ருபீடியத்துக்கு 4.18. தொடரில் இடமிருந்து வலமாகச் செல்லும்போது பொதுவாகக் கூடும், தொகுதியில் மேலிருந்து கீழாகச் செல்லும்போது குறையும் என்று போக்கையும் சொல்லித் தருகிறோம். மாணவர்கள் எழுதிக்கொள்கிறார்கள். தேர்விலும் சரியாக எழுதிவிடுகிறார்கள்.

ஆனால் ஒரு மாணவி எழுந்து, "அணுவைக் கண்ணால பார்க்கவே முடியாதுன்னு சொன்னீங்களே டீச்சர், அப்புறம் அதிலிருந்து ஓர் எலக்ட்ரானைப் பிடுங்க எவ்வளவு ஆற்றல் வேணும்னு எப்படி அளந்தாங்க?" என்று கேட்டால் என்ன சொல்வோம்? அறிவியல் பாடத்தில் இதைவிட நல்ல கேள்வி கிடைப்பது அரிது. பாடநூலில் உள்ள எந்த எண்ணும் வானத்திலிருந்து விழவில்லை. யாரோ ஒரு கருவியை அமைத்து, அளந்து, 'இது உண்மையிலேயே நான் நினைப்பதுதானா?' என்று பலமுறை சந்தேகப்பட்டு, பிறகுதான் எழுதியிருக்கிறார்கள்.

அப்படி அளக்கும் ஓர் ஆய்வகத்தை எப்படி அமைப்பார்கள் என்பதை இக்கட்டுரையில் படிப்படியாகப் பார்ப்போம். நம் பள்ளிகளில் அமைக்கக்கூடிய ஆய்வகம் அன்று இது. ஆனால் அங்கே பின்பற்றப்படும் சிந்தனை முறையைத் தொடக்கப்பள்ளி வகுப்பறைக்கும் கொண்டுவர முடியும். அதற்கான செயல்பாடுகள் கட்டுரையின் பிற்பகுதியில் உள்ளன.

1914: சரியான எண், தவறான பெயர்

முதலில் ஒரு வரலாறு. ஜெர்மனியில் ஜேம்ஸ் ஃபிராங்க், குஸ்தாவ் ஹெர்ட்ஸ் இருவரும் பாதரச ஆவியின் ஊடாக எலக்ட்ரான்களைச் செலுத்தினார்கள். எலக்ட்ரான்களின் ஆற்றல் 4.9 எலக்ட்ரான் வோல்ட்டை எட்டியதும் அவை அந்த ஆற்றலைப் பாதரச அணுவிடம் இழந்தன. கூடவே கருவியில் ஒரு மின்னோட்டமும் தெரிந்தது. 'அணுவிலிருந்து எலக்ட்ரான் வெளியேறிவிட்டது, எனவே பாதரசத்தின் அயனியாக்கும் ஆற்றல் 4.9' என்று அவர்கள் கருதினார்கள்.

1915-ல் நீல்ஸ் போர் இதை மறுத்தார். 4.9 என்பது எலக்ட்ரான் அணுவுக்குள்ளேயே ஒரு மேல் மட்டத்துக்குத் தாவுவதற்கான ஆற்றல்தான், வெளியேறுவதற்கான ஆற்றல் இன்னும் அதிகம் என்றார். அப்படியானால் கருவியில் தெரிந்த மின்னோட்டம் எங்கிருந்து வந்தது? 1917-ல் அமெரிக்காவில் டேவிஸ், கௌச்சர் இருவரும் அதைப் பிரித்துக் காட்டினார்கள். மேல் மட்டத்துக்குத் தாவிய அணு கீழே இறங்கும்போது 254 நானோமீட்டர் புற ஊதா ஒளியை வெளியிடுகிறது. அந்த ஒளி கருவியின் உலோகத் தகட்டில் பட்டு, தகட்டிலிருந்து எலக்ட்ரான்களை வெளியேற்றுகிறது. தகட்டை விட்டு எதிர்மின்சுமை போனாலும், தகட்டுக்கு நேர் அயனி வந்து சேர்ந்தாலும் மின்னளவிக்கு இரண்டும் ஒன்றே. அது காட்டிய மின்னோட்டம் உண்மை. அதற்கு வைத்த பெயர்தான் தவறு. பாதரசத்தின் அயனியாக்கும் ஆற்றல் 10.44 எலக்ட்ரான் வோல்ட்.

ஃபிராங்க், ஹெர்ட்ஸ் இருவரின் சோதனை குவாண்டம் கொள்கைக்கு வலுவான சான்றாக அமைந்து, 1925-ஆம் ஆண்டுக்கான நோபல் பரிசையும் பெற்றது. ஆனாலும் இந்த நிகழ்வு அயனியாக்கத்தை அளக்கும் எல்லா ஆய்வகங்களுக்கும் ஓர் எச்சரிக்கையாக நிற்கிறது. கருவியின் முள் அசைவது போதாது. 'வேறு எதனாலாவது அசைந்திருக்குமோ?' என்ற கேள்விக்கும் பதில் வேண்டும். கீழே சொல்லப்போகும் லேசர் ஆய்வகத்தின் ஒவ்வொரு பாகமும் இந்தக் கேள்வியின் ஏதோ ஒரு வடிவத்துக்கு விடையாகத்தான் அங்கே இருக்கிறது.

ஏன் லேசர்?

ஒளி, ஃபோட்டான் எனும் ஆற்றல் பொட்டலங்களாக வருகிறது. ஒரு ஃபோட்டானின் ஆற்றலைக் கணக்கிட எளிய வழி உண்டு. 1240 என்ற எண்ணை நானோமீட்டரில் உள்ள அலைநீளத்தால் வகுத்தால் ஆற்றல் எலக்ட்ரான் வோல்ட்டில் கிடைக்கும். சோடியத்தின் மஞ்சள் ஒளிக்கு அலைநீளம் 589 நானோமீட்டர். 1240 ÷ 589 = 2.1. சோடியம் அணுவை அயனியாக்க 5.14 வேண்டும். எனவே மஞ்சள் விளக்கு எத்தனை பிரகாசமாக எரிந்தாலும், ஒரு ஃபோட்டானால் அந்த வேலை ஆகாது.

ஆனால் ஏணியில் ஏறுவதுபோல இரண்டு படிகளில் ஏறலாம். முதல் ஃபோட்டான் எலக்ட்ரானை ஒரு மேல் மட்டத்தில் நிறுத்துகிறது. அது கீழே விழுவதற்குள் இரண்டாவது ஃபோட்டான் வந்து அதை அணுவை விட்டே வெளியே தள்ளுகிறது. முதல் படியின் நிறம் அந்தத் தனிமத்துக்கே உரியதாக இருக்க வேண்டும். ஒரு தனிமத்தின் படிக்கட்டு இன்னொன்றுக்குப் பொருந்தாது. ஆகவே கலவையில் கோடிக்கணக்கான வேறு அணுக்கள் இருந்தாலும் நாம் விரும்பும் தனிமம் மட்டும் அயனியாகும். இதற்குத் துல்லியமான ஒற்றை நிறமும், படியில் நிற்கும் கணநேரத்துக்குள் அடுத்த ஃபோட்டான் வந்து சேரும் அளவுக்குத் தீவிரமும் வேண்டும். இரண்டையும் ஒருசேரத் தருவது லேசர்.

தியோடோர் மைமன் முதல் லேசரை இயக்கியது 1960-ல். அடுத்த 11 ஆண்டுகளில், 1971-ல், மாஸ்கோவை அடுத்துள்ள சோவியத் அறிவியல் கழகத்தின் நிறமாலையியல் நிறுவனத்தில் விளாதிலென் லெட்டோகோவின் குழுவினர் ருபீடியம் அணுவை இரண்டு படிகளில் அயனியாக்கிக் காட்டினார்கள். 795 நானோமீட்டர் ஒளி முதல் படி, 347 நானோமீட்டர் ஒளி இரண்டாம் படி. இந்த முறைக்கு ஒத்ததிர்வு அயனியாக்க நிறமாலையியல் என்று பெயர்.

நாமும் ருபீடியத்தையே எடுத்துக்கொள்வோம். இன்றைய ஆய்வகங்களில் முதல் படிக்குப் பெரும்பாலும் 780 நானோமீட்டர் ஒளியைப் பயன்படுத்துகிறார்கள். அதற்குரிய சிறிய டையோடு லேசர்கள் எளிதில் கிடைக்கின்றன. இதன் ஆற்றல் 1.59. மொத்தத் தேவை 4.18. மீதி 2.59 எலக்ட்ரான் வோல்ட்டை இரண்டாம் ஒளி தர வேண்டும். எந்த நிறங்கள் தேறும் என்று பாருங்கள்.

- சிவப்பு, 650 நானோமீட்டர்: 1.59 + 1.91 = 3.50. போதாது.
- பச்சை, 532 நானோமீட்டர்: 1.59 + 2.33 = 3.92. போதாது.
- நீலம், 473 நானோமீட்டர்: 1.59 + 2.62 = 4.21. போதும்.
- புற ஊதா, 355 நானோமீட்டர்: 1.59 + 3.49 = 5.08. தாராளமாகப் போதும்.

பச்சை லேசர் வலிமையானதாக இருந்தாலும் தோற்கிறது, மென்மையான நீல லேசர் வெல்கிறது. இந்தப் பட்டியல் ஒன்றே பத்தாம் வகுப்புக்கு ஒரு முழுப் பாடவேளை.

ஆய்வகத்தை அமைத்தல்

*முதல் வேலை பாதுகாப்பு.* கருவிகள் வருவதற்கு முன்பே இதைத் திட்டமிட வேண்டும். 780 நானோமீட்டர் ஒளி கண்ணுக்கு மிக மங்கலாகவே தெரியும். ஆனால் விழித்திரைக்குச் செல்லும் ஆற்றல் குறையாது. மங்கலாகத் தெரிவதால்தான் அது கூடுதல் ஆபத்து. பாதுகாப்புக் கண்ணாடி அந்தந்த அலைநீளத்துக்கு உரியதாக இருக்க வேண்டும். ஒரு நிறத்தைத் தடுக்கும் கண்ணாடி இன்னொரு நிறத்தைத் தடுக்காது. லேசர் கற்றை நிற்பவர், உட்காருபவர் இருவரின் கண்மட்டத்திலும் செல்லக் கூடாது. கைக்கடிகாரம், மோதிரம், வளையல் போன்ற பளபளக்கும் பொருள்களைக் கழற்றிவிட்டே உள்ளே செல்ல வேண்டும். கதவு திறந்தால் லேசர் தானே நிற்கும்படி இணைப்பு இருக்க வேண்டும். ருபீடியம் நீருடனும் காற்றுடனும் தீவிரமாக வினைபுரியும் உலோகம். ஆகவே அது மூடிய கண்ணாடிக் குப்பியில்தான் வரும். தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றக் கூடாது, உலர் மணல்தான்.

*வெற்றிட அறை.* வளிமண்டல அழுத்தத்தில் ஒரு மூலக்கூறு இன்னொன்றில் மோதாமல் செல்லக்கூடிய சராசரித் தொலைவு ஒரு மில்லிமீட்டரின் பத்தாயிரத்தில் ஒரு பங்கைவிடக் குறைவு. அந்த நெரிசலில் அயனி பிறந்தாலும் உணர்கருவி வரை வந்து சேராது. ஆகவே துருப்பிடிக்காத எஃகு அறையிலிருந்து காற்றை இரண்டு கட்டங்களில் வெளியேற்றுகிறார்கள். முதலில் சாதாரண சுழல் பம்பு. பிறகு வினாடிக்கு ஏறத்தாழ ஆயிரம் முறை சுழலும் இறக்கைகளைக் கொண்ட டர்போ பம்பு. அழுத்தம் வளிமண்டலத்தின் நூறு கோடியில் ஒரு பங்குக்கு இறங்கும்போது மோதலில்லாமல் செல்லும் தொலைவு பல பத்து மீட்டராகிவிடும். அறையின் அளவோ ஒரு மீட்டருக்குள்தான். ஆகவே அயனி வழியில் யார் மீதும் மோதாது.

*அணுக்கற்றை.* ருபீடியம் 39 டிகிரி செல்சியஸில் உருகும். ஒரு சிறு உலோக அடுப்பில் வைத்து 100 டிகிரி அளவுக்குச் சூடேற்றினால் போதிய ஆவி வரும். அடுப்பின் சிறு துளை, அதற்கு எதிரே இன்னொரு துளை. இரண்டையும் நேராகக் கடக்கும் அணுக்கள் மட்டும் மெல்லிய கற்றையாகச் செல்கின்றன. அவற்றின் வேகம் வினாடிக்கு ஏறத்தாழ 300 மீட்டர். லேசர் இந்தக் கற்றையைச் செங்குத்தாக வெட்ட வேண்டும். நம்மை நோக்கி வரும் ரயிலின் ஊதல் ஒலி மாறிக் கேட்பதுபோல, ஒளியை நோக்கி வரும் அணுவுக்கும் விலகிச் செல்லும் அணுவுக்கும் நிறம் சற்று மாறித் தெரியும். செங்குத்தாக வெட்டினால் அந்தக் குழப்பம் பெருமளவு நீங்கும்.

*இரண்டு லேசர்கள்.* முதல் படிக்கு 780 நானோமீட்டர். இரண்டாம் படிக்கு, நிறத்தை மாற்றிக்கொண்டே போகக்கூடிய ஒரு நீலத் துடிப்பு லேசர். நிறத்தைச் சரிபார்க்க அலைநீள அளவி ஒன்று வேண்டும். அதோடு ருபீடிய ஆவி அடைத்த சிறு கண்ணாடிக் குழல் ஒன்றும் மேசையில் இருக்கும். முதல் லேசர் சரியான நிறத்தில் இருந்தால் அந்தக் குழலின் ஆவியும் ஒளிரும். அந்த ஒளிர்வைச் சிறு கேமராவில் காணலாம்.

இங்கே நேரமும் முக்கியம். முதல் படியில் ஏறிய எலக்ட்ரான் சராசரியாக 26 நானோ வினாடிதான் அங்கே நிற்கும். ஒளி ஒரு நானோ வினாடியில் 30 சென்டிமீட்டர் செல்கிறது. ஆகவே முதல் ஒளியையும் துடிப்பாக அனுப்பினால், இரண்டாம் துடிப்பு மேசையின் மீது எட்டு மீட்டர் கூடுதலாகச் சுற்றி வந்தாலே பெரும்பாலான அணுக்கள் படியிலிருந்து இறங்கிவிட்டிருக்கும். ஆடிகளை எங்கே வைப்பது என்பதே இந்த ஆய்வகத்தில் ஓர் இயற்பியல் கணக்கு.

*பறக்கும் குழாயும் உணர்கருவியும்.* அயனி பிறந்தவுடன் மின்புலத்தால் அதை ஒரு நீண்ட குழாய்க்குள் தள்ளுகிறார்கள். 1000 வோல்ட்டில் முடுக்கி ஒரு மீட்டர் ஓடவிட்டால் ருபீடியம்-85 ஏறத்தாழ 21 மைக்ரோ வினாடியில் மறுமுனையை அடையும். சற்றே கனமான ருபீடியம்-87 கால் மைக்ரோ வினாடி பிந்தி வரும். வந்து சேரும் நேரத்தை வைத்தே வந்தவர் யார் என்று சொல்லிவிடலாம். மறுமுனையில் உள்ள உணர்கருவியில் ஓர் அயனி மோதினால் சில எலக்ட்ரான்கள் வெளிவரும். அவை மோதி மேலும் பல, அவை மோதி மேலும் பல என்று பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட எலக்ட்ரான்கள் கொண்ட மின்துடிப்பாகப் பெருகும். ஆகவே அயனிகளை ஒன்றொன்றாக எண்ண முடிகிறது.

1914-ல் குழப்பம் தந்த விஷயம் இங்கே எப்படித் தீர்கிறது என்று கவனியுங்கள். சிதறிய ஒளி உலோகத்தில் பட்டு எலக்ட்ரான் வந்தாலும், நேர் அயனியை இழுக்கும் மின்புலம் அதை எதிர்த்திசையில் தள்ளிவிடும். சிதறிய ஒளியே உணர்கருவியைத் தொட்டாலும், அந்தத் துடிப்பு லேசர் மின்னிய கணத்திலேயே பதிவாகிவிடும். 21 மைக்ரோ வினாடி காத்திருந்து வருவது ருபீடியம் அயனி மட்டுமே.

ஆய்வகம் தன்னைத்தானே கேட்டுக்கொள்ளும் ஆறு கேள்விகள்

எல்லாம் பூட்டி முடிந்து, முதல் மின்துடிப்பு திரையில் தெரிகிறது. உடனே அளக்கத் தொடங்குவதில்லை. முதலில் அந்தத் துடிப்பை அழிக்கப் பார்க்கிறார்கள்.

1. முதல் லேசரை மறைத்தால் அயனிகள் மறைகின்றனவா?
2. இரண்டாவதை மட்டும் மறைத்தால்?
3. முதல் லேசரின் நிறத்தைச் சற்றே நகர்த்தினால்? மறையாவிட்டால் அயனியாவது ருபீடியத்தின் படிக்கட்டு வழியாக அன்று.
4. லேசர்கள் இரண்டும் எரிய, அணுக்கற்றையை மட்டும் தடுத்தால்? அப்போதும் வந்தால் அது அறையில் எஞ்சிய வேறு ஏதோ பொருள்.
5. இரண்டாம் ஒளியின் தீவிரத்தை, அது குறைவாக இருக்கும் நிலையிலிருந்து இரு மடங்காக்கினால் அயனிகளும் இரு மடங்காகின்றனவா? நான்கு மடங்கானால் அந்த இடத்தில் இரண்டு ஃபோட்டான்கள் ஒருங்கே செயல்படுகின்றன என்று பொருள். அணு இரண்டு ஃபோட்டான்களை ஒரே நேரத்தில் உட்கவர முடியும் என்பதை மரியா கோப்பெர்ட்-மேயர் 1931-லேயே தம் ஆய்வேட்டில் கணித்திருந்தார்.
6. இயற்கையில் ருபீடியம்-85 ஏறத்தாழ 72 விழுக்காடு, ருபீடியம்-87 ஏறத்தாழ 28 விழுக்காடு. திரையில் தெரியும் இரண்டு முகடுகளும் அந்த விகிதத்தில் உள்ளனவா? இல்லையென்றால் லேசரின் நிறம் ஒரு ஐசோடோப்பின் பக்கம் சாய்ந்திருக்கலாம்.

இந்த ஆறிலும் தேறிய பிறகுதான் அந்தத் துடிப்புக்கு 'ருபீடியம் அயனி' என்று பெயர் வைக்கிறார்கள்.

எல்லையை அளப்பது எப்படி?

இரண்டாம் லேசரின் நிறத்தைச் சிவப்புப் பக்கத்திலிருந்து நீலப் பக்கமாக மெல்ல நகர்த்திக்கொண்டே போனால் ஏறத்தாழ 479 நானோமீட்டரில் அயனிகள் தோன்ற வேண்டும். ஆனால் அந்தத் தொடக்கம் கூர்மையாக இருக்காது. எல்லைக்குச் சற்றுக் கீழே எண்ணற்ற ஆற்றல் மட்டங்கள் நெருக்கமாக அடுக்கப்பட்டிருக்கின்றன. சுவீடன் நாட்டு அறிஞர் ரிட்பெர்கின் பெயரால் அவை ரிட்பெர்க் மட்டங்கள் எனப்படுகின்றன.

தடையாகத் தெரியும் இந்த நெருக்கமே துணையாகிறது. ருபீடியத்தின் ஒரு வரிசையில், மட்ட எண்ணிலிருந்து 3.13-ஐக் கழித்து, வர்க்கப்படுத்தி, அதைக் கொண்டு 13.6-ஐ வகுத்தால் எல்லைக்கும் அந்த மட்டத்துக்கும் உள்ள இடைவெளி கிடைக்கும். 20-ஆம் மட்டம் எல்லைக்கு 0.048 எலக்ட்ரான் வோல்ட் கீழே. 30-ஆம் மட்டம் 0.019 கீழே. 40-ஆம் மட்டம் 0.010 கீழே. 60-ஆம் மட்டம் 0.0042 கீழே. படிகள் சுருங்கிச் சுருங்கி ஓர் இடத்தை நோக்கிச் செல்கின்றன. பல படிகளின் இடத்தைத் துல்லியமாக அளந்து, அவை எங்கே போய் முடியும் என்று கணக்கிட்டால் எல்லை கிடைத்துவிடும். கதவைத் தேடித் தடவாமல், படிக்கட்டின் போக்கைக் கொண்டு கதவு இருக்குமிடத்தைச் சொல்வது போன்றது இது. ருபீடியத்தின் மதிப்பு 4.17713 என்று ஐந்து தசம இடங்கள் வரை எழுதப்படுவதற்கு இத்தகைய அளவீடுகளே அடிப்படை.

இங்கும் ஒரு சந்தேகம் காத்திருக்கிறது. அயனியை இழுக்கும் மின்புலமே எல்லையைக் கீழே இறக்கிவிடும். சென்டிமீட்டருக்கு 100 வோல்ட் இருந்தாலே எல்லை ஏறத்தாழ 0.0076 எலக்ட்ரான் வோல்ட் இறங்கும். அளக்கும் கருவி அளக்கப்படுவதை மாற்றுகிறது. எனவே லேசர் மின்னும்போது மின்புலத்தை அணைத்து வைத்து, மின்னி முடிந்த பிறகே போடுகிறார்கள். ரிட்பெர்க் மட்டத்தில் நிற்கும் அணுவைப் பிறகு வரும் மின்புலமே அயனியாக்கி உணர்கருவிக்கு அனுப்பிவிடும்.

இந்த எண்களால் என்ன பயன்?

1920-ல் மேக்நாத் சாகா, வெப்பத்தால் அணுக்கள் எந்த அளவுக்கு அயனியாகும் என்பதற்கான சமன்பாட்டை வெளியிட்டார். அதில் அயனியாக்கும் ஆற்றலே மையம். ருபீடியத்துக்கு அது மிகக் குறைவு என்பதால் சூரியனின் மேற்பரப்பில் அவ்வணுக்கள் எலக்ட்ரானை இழந்துவிடும், வெப்பம் குறைந்த சூரியப் புள்ளிகளில் அவற்றின் கோடுகள் தென்படலாம் என்று கணித்தார். அமெரிக்க வானியலாளர் ரஸ்ஸல் சூரியப் புள்ளிகளின் நிறமாலையில் அவற்றைக் கண்டார். அட்டவணையில் உள்ள ஓர் எண், சூரியனில் எங்கே எதைத் தேட வேண்டும் என்று சொல்லியது.

1977-ல் அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வகத்தில் சாமுவேல் ஹர்ஸ்டின் குழுவினர் லேசர் அயனியாக்க முறையில் ஒற்றைச் சீசியம் அணுவைக் கண்டறிந்தார்கள்.

2013-ல் ஜெனீவா அருகேயுள்ள செர்ன் ஆய்வு மையத்தின் ஐசோல்டே கூடத்தில் அஸ்டட்டினின் அயனியாக்கும் ஆற்றல் 9.31751 எலக்ட்ரான் வோல்ட் என அளக்கப்பட்டது. அஸ்டட்டின் புவியில் மிக மிக அரிய தனிமம். அதன் ஐசோடோப்புகளில் நீண்ட காலம் நிலைப்பதன் அரை ஆயுளே எட்டு மணி நேரம்தான். அதுவரை அட்டவணையில் அந்தக் கட்டத்துக்குச் சோதனையால் அளந்த மதிப்பு இல்லை. அஸ்டட்டின்-211 புற்றுநோய்ச் சிகிச்சைக்காக ஆராயப்படுவதால் அதன் வேதியியலை அறிவது தேவையாகவும் இருந்தது. நாம் ஆசிரியர்களாகப் பணியாற்றும் இக்காலத்திலேயே நிரப்பப்பட்ட கட்டம் அது. ஆவர்த்தன அட்டவணை முடிந்துபோன பட்டியல் என்று எண்ணும் மாணவர்களுக்கு இதை அவசியம் சொல்லலாம்.

வகுப்பறைச் செயல்பாடுகள்

*வகுப்பு 3–5: ஏணி விளையாட்டு.* தரையில் சுண்ணக்கட்டியால் மூன்று கோடுகள் வரையுங்கள்: தரை, நடுப்படி, வெளி. முதல் படிக்குச் சிவப்பு அட்டை, இரண்டாம் படிக்கு நீல அட்டை. சிவப்பு அட்டை பெற்ற குழந்தை நடுப்படிக்கு வரும். எல்லாரும் மூன்று கைதட்டல் தட்டுவதற்குள் நீல அட்டை வராவிட்டால் தரைக்குத் திரும்ப வேண்டும். எத்தனை சிவப்பு அட்டைகளைக் கொடுத்தாலும் வெளியே போக முடியாது என்பதைக் குழந்தைகளே கண்டுபிடிக்கட்டும்.

*வகுப்பு 6–8: இருட்டில் ஒளிரும் ஒட்டிகள்.* சுவரில் ஒட்டும், இருட்டில் ஒளிரும் நட்சத்திர ஒட்டிகள் கடைகளில் கிடைக்கும். சிலவற்றை முந்தைய நாளே கறுப்புத் தாளில் சுற்றி வையுங்கள். இருட்டறையில் ஒன்றின் மீது சிவப்பு எல்.இ.டி. ஒளியையும், இன்னொன்றின் மீது நீல எல்.இ.டி. ஒளியையும் ஒரு நிமிடம் பாய்ச்சுங்கள். நீலம் பட்டது ஒளிரும், சிவப்பு பட்டது ஒளிராது. சிவப்பு விளக்கை மூன்றாக்கினாலும், அருகில் கொண்டுவந்தாலும் ஒளிராது. வெள்ளை விளக்கின் மீது சிவப்புக் கண்ணாடித்தாள் சுற்றிச் செய்ய வேண்டாம், அதில் மற்ற நிறங்களும் கசியும்.

இனிதான் முக்கியமான பகுதி. "நீல ஒளிதான் காரணம் என்று எப்படிச் சொல்கிறீர்கள்? வேறு எதனாலாவது இருக்குமோ?" என்று கேளுங்கள். ஒட்டியில் பழைய ஒளி மிச்சமிருந்திருக்கலாம். ஒட்டிகள் வேறு வேறு தரமாக இருக்கலாம். கதவிடுக்கில் வெளிச்சம் வந்திருக்கலாம். ஒவ்வொரு சந்தேகத்துக்கும் ஒரு சோதனையை மாணவர்களே சொல்லட்டும்: ஒளி படாத ஒட்டி ஒன்றையும் ஒப்பிடுவது, ஒட்டிகளை இடம் மாற்றுவது, திரும்பச் செய்வது. மேலே உள்ள ஆறு கேள்விகளும் இதே வகைதான். ஒட்டியில் எலக்ட்ரான் திண்மத்துக்குள்ளேயே இருக்கிறது, அணுவை அயனியாக்குவதில் அது முற்றிலும் வெளியேறுகிறது என்ற வேறுபாட்டையும் மறவாமல் சொல்லுங்கள்.

*வகுப்பு 9–10: எந்த நிறம் போதும்?* 1240 விதியைக் கொண்டு கணக்கிடச் செய்யுங்கள். சோடியத்தை ஒரே ஃபோட்டானில் அயனியாக்க எந்த அலைநீளம் வேண்டும்? (241 நானோமீட்டர்.) 589 நானோமீட்டர் ஒளியால் முதல் படி ஏறிய பின் மீதிக்கு எவ்வளவு? (3.04 எலக்ட்ரான் வோல்ட், அதாவது ஏறத்தாழ 408 நானோமீட்டர் அல்லது அதைவிடக் குறைந்த அலைநீளம்.) சீசியத்துக்குத் தேவை 3.89. அதன் முதல் படியை 455.5 நானோமீட்டர் ஒளியில் ஏறினால், அதே நிறத்தின் இன்னொரு ஃபோட்டான் போதுமா?

*வகுப்பு 11–12: பறக்கும் நேரம்.* மின்னூட்டம் பெருக்கல் மின்னழுத்தம் இயக்க ஆற்றலாக மாறுகிறது என்ற ஒரே தொடர்பைக் கொண்டு, ருபீடியத்தின் இரு ஐசோடோப்புகளும் ஒரு மீட்டரைக் கடக்கும் நேரத்தைக் கணக்கிடச் செய்யலாம். ரிட்பெர்க் மட்டங்களின் இடைவெளிகளை வரைபடத்தாளில் குறித்து எல்லையை ஊகிக்கச் செய்யலாம்.

எந்த வகுப்பானாலும் லேசர் சுட்டுக்கோல்களைப் பயன்படுத்த வேண்டாம். இச்செயல்பாடுகள் எதற்கும் அவை தேவையில்லை.

நிறைவாக

அந்த மாணவியின் கேள்விக்கு இப்போது நம்மிடம் ஒரு பதில் இருக்கிறது. "அணுவைப் பார்க்கவில்லை, அம்மா. சரியான நிறத்தில் ஒளியைப் பாய்ச்சினார்கள், வெளியே வந்த அயனியை எண்ணினார்கள், அது வேறு எதுவும் இல்லை என்று உறுதி செய்துகொண்டார்கள்." இந்த மூன்றில் முதல் இரண்டுக்கு விலையுயர்ந்த கருவிகள் வேண்டும். மூன்றாவதற்கு ஒரு பழக்கம் போதும். விதை முளைக்கும் சோதனையாகட்டும், உப்புக் கரைசலாகட்டும், ஊசலாகட்டும், ஒவ்வொரு செய்முறையின் முடிவிலும் விடையை எழுதுவதற்கு முன் 'வேறு எதனாலாவது இருக்குமோ?' என்று ஒரு வரி எழுதும் பழக்கத்தை இந்தக் கல்வியாண்டில் நம் மாணவர்களிடம் தொடங்கிப் பார்க்கலாம். செய்முறை ஏட்டில் அதற்கென்று ஓர் இடம் ஒதுக்கினால் போதும்.